காய்ச்சல், கட்டி, வயிற்றுவலி

எங்கள் அம்மாச்சியின் தங்கை ஒருத்தி, 1950களின் கடைசியில், ஐப்பசி மழைக்குப் பின் வந்த காய்ச்சலில் இறந்துபோனாள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். நான்கு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள் அவள், கடைசிப் பிள்ளை அப்போது பால்கூட மறந்திருக்கவில்லை. ஆண்டுதோறும் அவளுக்குப் படையல் வைக்கும் நாளில் அந்தக் காய்ச்சலின் கதையையும் பெரியவர்கள் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்வார்கள். அந்தக் காய்ச்சலுக்கு நான்கு நாள் முன்பு ஊர்க்கோடியில் இருந்த ஒரு கிழவி எருக்கங்குச்சியோடு அவள் வீட்டுக்கு வந்துபோனாள் என்பது எனக்கு 33 வயதாகும்வரை தெரியாது. அதைச் சொன்னவர் என் சின்னம்மா. அவர் அதைச் சொன்னபோது நான் ஒரு கருவைக் கலைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது, அதற்கு என் அம்மா அக்கம்பக்கத்தில் வைத்த பெயர் கர்ப்பப்பைக் கட்டி.

அது 2011. மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்குப் பதினான்கு மாதம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை உண்டாகாது என்று காதில் விழுந்ததை நானும் நம்பியிருந்தேன். முதல் ஆறு மாதம், குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பேறுகாலத்துக்குப் பின் எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆணுறையைச் சில நாள் பயன்படுத்தியும் சில நாள் விட்டும் இருந்தோம். நாள் தள்ளிப்போய்ப் பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் குளியலறையில் நின்று பார்த்தபோது அந்தச் சிறு அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. முதல் கோட்டைவிட இரண்டாவது சற்று மங்கலாக இருந்தது. அது அழிந்துவிடுமோ என்று வெகுநேரம் விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

மூன்றாவது வேண்டாம் என்பதுதான் என் காரணம். கருவில் குறை இருக்கவில்லை, என் உயிருக்கு ஆபத்து இருக்கவில்லை, யாரும் என்னை வன்கொடுமை செய்யவும் இல்லை. இரண்டு பிரசவமும் அறுவைசிகிச்சை, வேலைக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, வாங்கும் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதே இழுபறி. என் கணவரும் நானும் ஒரே இரவில் பேசி முடித்துவிட்டோம். இதை இவ்வளவு விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, கணவர் கூட வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். மூன்றாவது வேண்டாம் என்கிறவர் அதோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் வந்து நிற்பீர்கள் என்று, பக்கத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு மூத்த பெண் மருத்துவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, இது படிவம் சி, வயது வந்த பெண்ணுக்கு இதில் அவளுடைய கையெழுத்து மட்டும் போதும், சட்டம் வேறு யாருடைய கையெழுத்தையும் கேட்கவில்லை என்றார். ஆறு வாரம் என்பதால் மாத்திரை போதுமென்றார். கருத்தடை முறை தோல்வி என்று காரணத்தை எழுதிக்கொண்டார். அப்போதைய சட்டத்தில் எனக்குப் பொருந்திய வாசல் அது ஒன்றுதான். "எனக்கு வேண்டாம்" என்று எழுதுவதற்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

அலுவலகத்தில் வயிற்றுவலி என்று மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். அப்போதிருந்த பேறுகால நலச் சட்டத்தின்படி, கருச்சிதைவுக்கும் மருத்துவ முறையில் செய்யும் கருக்கலைப்புக்கும் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. இதைப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே தெரிந்திருந்தாலும் மருத்துவச் சான்றைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்திருப்பேனா என்றால், வைத்திருக்க மாட்டேன்.

ஓய்வுக்கு என்று என்னைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாம் நாள் மாலை, திண்ணையில் சொளகை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். சின்னம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கட்டின்னு ஒங்கம்மா சொல்றா. கட்டியா, கலைச்சியா தாயி?"

நான் பதில் சொல்லவில்லை. கீரைக் காம்பை உருவிக்கொண்டே இருந்தேன்.

"நானும் ரெண்டு கலைச்சிருக்கேன். எம்சிஆர் ரெண்டாந்தடவ செயிச்சாரே, அந்த வருசம் ஒண்ணு. சின்னவன பள்ளிக்கூடத்துல சேத்த வருசம் ஒண்ணு. எம்மாமியாதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. போற வழியில எனக்குப் பூ வாங்கிக் குடுத்துச்சு."

குரலைத் தாழ்த்தவில்லை. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும் என்ற அச்சமும் அந்தக் குரலில் இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மாச்சியின் தங்கையைப் பற்றிச் சொன்னார், எருக்கங்குச்சி, நான்கு நாள், சீழ்வைத்த நாற்றம் வெளியே தெரியாமலிருக்க வீட்டில் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தது, எல்லாவற்றையும். "அவளுக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரி இல்ல. எனக்கு இருந்துச்சு. ஒனக்கு மாத்திரையே வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுச் சொளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று இரவுதான் பத்து நாளில் முதல் முறையாக விடியும்வரை தூங்கினேன்.

அதற்குப் பின் சில ஆண்டுகளாக, கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் தனியாகக் கிடைத்த நேரத்தில், எங்கள் குடும்பத்துப் பெண்களிடம் என் கதையை முதலில் சொல்லிவிட்டு அவர்கள் கதையைக் கேட்டேன். ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு ஒரு கதை இருந்தது. அந்த ஐந்தும் வீட்டுக்குள் வேறு வேறு நோய்களின் பெயரில் இருந்தன. காமாலை என்று ஒன்று, ரத்தசோகை என்று ஒன்று. நம் பேச்சில் இதற்குச் சொல்லே இல்லாமல் இல்லை. "வயித்தக் கழுவிட்டு வந்தா", "சுத்தம் பண்ணிட்டா", "டி அண்ட் சி பண்ணுனாக" என்று எத்தனையோ இருக்கின்றன. நாற்று நடும் வயலிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை செய்த பெண்கள் இந்தச் சொற்களைத் தங்களுக்குள் பெரிய தயக்கம் இல்லாமல் புழங்கியிருக்கிறார்கள். கல்லூரிக்குப் போன என் தலைமுறை அந்தப் பேச்சைக் கைவிட்டுவிட்டது. எழுதவும் படிக்கவும் கற்ற நாங்கள் இந்த ஒன்றில் மட்டும் எங்கள் சின்னம்மாக்களைவிட ஊமையாகிப்போனோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆனால் அந்தப் பழைய பேச்சுக்கும் ஒரு வேலி இருந்தது. கழுத்தில் தாலியும் இடுப்பில் ஒரு பிள்ளையும் இருந்தவர்களுக்கு மட்டுமே அது திறந்திருந்தது.

இது எங்கள் ஒரு குடும்பத்தின் கணக்கு மட்டும் இல்லை. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக, லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதற்காக விவரம் திரட்டிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்த ஆண்டில் உண்டான கருக்களில் மூன்றில் ஒரு பங்கு இப்படி முடிந்திருக்கிறது. உண்டான கருக்களில் ஏறத்தாழ பாதி, திட்டமிடாமல் உண்டானவை. கலைத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் மருத்துவமனைப் பக்கமே போகாமல், மருந்துக் கடையிலோ வேறு வழியிலோ கிடைத்த மாத்திரையால் முடித்துக்கொண்டவர்கள். ஒரே ஆண்டில் ஒன்றரைக் கோடி முறை நடக்கிற ஒன்று, எந்த வீட்டின் வரலாற்றிலும் அதன் சொந்தப் பெயரில் இல்லை.

2018 மே 25 அன்று அயர்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பைப் பற்றி நாளிதழில் படித்தபோது, எனக்குச் சின்னம்மாவின் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. கருவின் உயிருரிமையும் தாயின் உயிருரிமையும் சமம் என்ற எட்டாம் திருத்தத்தை 1983இல் அந்நாட்டு வாக்காளர்கள் 66.9 விழுக்காடு ஆதரவோடு அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 35 ஆண்டு கழித்து அதே திருத்தத்தை நீக்க 66.4 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 40 தொகுதிகளில் டோனகல் ஒன்றுதான் மறுத்தது. ஏறத்தாழ அதே அளவு மக்கள், ஒரு தலைமுறைக்குள், எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். இடையில் என்ன நடந்தது?

அதற்கு ஒரு இந்தியப் பெண்ணின் பெயர்தான் பலருக்கு நினைவில் இருக்கிறது. பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கால்வே நகரில் 17 வாரக் கருவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும், இதயத்துடிப்பு இருக்கிறது என்ற காரணத்தால் அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. ரத்தத்தில் நச்சு பரவி 2012 அக்டோபர் 28 அன்று, 31 வயதில் இறந்தார். அவருடைய கணவர் அந்தக் கதையை நாளிதழில் சொல்லாமல் இருந்திருந்தால், ரத்தத்தில் கிருமி ஏறி இறந்தார் என்றே பதிவாகி, அதுவும் ஒரு காய்ச்சலாக முடிந்திருக்கும். எட்டாம் திருத்தத்தை நீக்கச் சொல்லி, அந்நாட்டு மக்களுக்குச் சவிதாவின் பெற்றோர் பெலகாவியிலிருந்து வேண்டுகோள் விடுத்தார்கள். வாக்கெடுப்பு முடிந்த நாளில் டப்ளினில் வரையப்பட்டிருந்த அவருடைய முகத்தைச் சுற்றி, மன்னிப்புக் கேட்டு மக்கள் துண்டுக் காகிதங்களை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் அந்த ஒரு சாவு மட்டும் நாட்டைத் திருப்பிவிடவில்லை என்று நினைக்கிறேன். 1980க்கும் 2016க்கும் இடையில் அயர்லாந்து முகவரி கொடுத்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் கருவைக் கலைத்துக்கொண்ட பெண்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 2015இல் எழுத்தாளர் ரோஷீன் இங்கிளும் நடிகை டாரா ஃபிளினும் தங்கள் சொந்தப் பெயரில் தங்கள் கதையைச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஏறத்தாழ என் கதை போன்றதே, உண்டானோம், வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்ற வகை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கில் தொடங்கிய "இன் ஹெர் ஷூஸ்" என்ற பக்கத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் பெயர் சொல்லாமல் எழுதினார்கள். ஒவ்வொரு கதையோடும் வந்த படம், எழுதியவளின் காலணி. பள்ளி முடிந்து பிள்ளையை அழைத்து வரப் போகும் செருப்பு, மருத்துவமனைச் செவிலியின் வெள்ளைக் காலணி, வயலில் போடும் சேறு படிந்த பூட்ஸ். முகத்தைக் காட்டாமலே, இது உன் தெருவில் நடந்துபோகிற பெண்தான் என்று அந்தப் படங்கள் காட்டிவிட்டன. வாக்களித்து வந்தவர்களிடம், உங்கள் முடிவில் பங்கு வகித்தது எது என்று பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ கேட்டது. ஊடகத்தில் வந்த பெண்களின் சொந்தக் கதைகள் என்று 43 விழுக்காட்டினரும், தமக்குத் தெரிந்தவர்களின் அனுபவம் என்று 34 விழுக்காட்டினரும் சொன்னார்கள். இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அனுபவங்கள் எந்தச் செய்தியிலும் வராமல், ஒரு சமையலறையிலோ காருக்குள்ளோ, தாய் மகனிடமும் அக்கா தம்பியிடமும் சொன்னவையாகத்தான் பெரும்பாலும் இருந்திருக்க வேண்டும்.

நமக்கு நேர்ந்தது இதன் தலைகீழ். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளி ஆக்கியது. அம்மாச்சியின் தங்கை இறந்த காலத்தில் அதுதான் சட்டம். 1964இல் இதை ஆராயச் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைந்தது, 1966இல் அறிக்கை வந்தது, 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே நாம் சட்டத்தைப் பெற்றுவிட்டோம். முறையற்ற கருக்கலைப்பால் நேர்ந்த சாவுகளைப் பற்றிய மருத்துவர்களின் கவலையும், மக்கள்தொகை பற்றிய அரசின் கவலையும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் அது. அதற்காக நம் பெண்கள் தங்கள் கதைகளை ஊரறியச் சொல்ல நேரவில்லை. அந்தச் சட்டம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது, என் சின்னம்மாவையும் என்னையும் சேர்த்து. ஆனால் கதை சொல்லப்படாமல் வந்த சட்டம் என்பதால், சட்டம் மாறியும் ஊரின் மனம் அப்படியே இருந்துவிட்டது. திருமணமான பெண்ணுக்கும் அவள் கணவருக்கும் மட்டும் பொருந்திய கருத்தடைத் தோல்விக் காரணம், எந்தப் பெண்ணுக்கும் அவள் துணைவருக்கும் பொருந்தும் என்று மாறுவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 24 வாரம் வரை அனுமதி உள்ளவர்களில் மணமாகாத பெண்களும் உண்டு என்றும், வயது வந்த பெண்ணின் சம்மதத்துக்கு மேல் குடும்பத்தாரின் சம்மதத்தை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பும்கூட, பெயர் வெளியிடப்படாத ஒரு 25 வயதுப் பெண் தன் கதையை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதால் வந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எந்த ஸ்கேன் மையத்துக்குப் போனாலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை சுவரில் இருக்கும். அந்தப் பலகை இருக்க வேண்டும். உசிலம்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர், பெண் சிசுக்கொலை என்ன என்பதை எங்கள் பகுதிப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கருவைப் பற்றிச் சுவரில் எழுதியிருக்கும் ஒரே சட்டம் அதுதான் என்பதால், கலைப்பதே குற்றம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். இரண்டையும் பிரித்துச் சொல்ல இன்னொரு பலகை மாட்டினால் நல்லது. பலகையால் முடியாததைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கதை செய்யும்.

எந்தக் கதையைச் சொல்வது என்பதிலும் நாம் கவனமாக இருக்க வேண்டும். நான் என் காரணத்தை மேலே அவ்வளவு விளக்கமாக எழுதியது இதற்காகத்தான். வன்கொடுமைக்கு ஆளான சிறுமியின் கதையையும், பிழைக்காத கருவைச் சுமந்தவளின் கதையையும் கேட்டு எல்லோரும் கண்ணீர் விடுவார்கள். அந்தக் கதைகள் தேவை. அவற்றை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், கலைத்துக்கொள்ள ஒரு பெண் முதலில் போதுமான அளவு துன்பப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிடும். சாதாரணக் கதைதான் சொல்வதற்குக் கடினம், ஏனென்றால் அதில் பரிதாபப்பட ஒன்றுமில்லை. கலைத்துவிட்டு ஆண்டுக்கணக்காக அழுதவர்களும் இருக்கிறார்கள், எங்கள் ஐவரில் ஒருவர் அப்படி. அவர் துக்கத்தை ஒதுக்கிவிட்டு என் நிம்மதியை மட்டும் பேசினால், அதுவும் ஒரு பொய்ப்பெயராகிவிடும். கேட்டது கிடைக்காமல் பெற்று வளர்த்தவர்களும், கேட்காமலே வந்த பிள்ளையை உயிராக நேசிப்பவர்களும் அதே திண்ணையில் உட்கார இடம் வேண்டும்.

மற்றொன்று, யாரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. 45 வயதைத் தாண்டி, கணவர் பக்கத்தில் நிற்க, வேலை கையில் இருக்க, நான் இதை எழுதுவதும், மணமாகாத ஒரு பெண் சாதியும் குடும்பமும் சூழ இதைச் சொல்வதும் ஒன்றாகாது. அவள் சொல்வதன் விலை சில ஊர்களில் உயிர். ஆகவே, சொல்லக்கூடிய நிலையில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு உறவுக்காரப் பெண் ஒருத்தி இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். எழுதலாமா என்று கேட்டு, பெயரும் ஊரும் உறவும் வேண்டாம் என்ற அவள் சொல்லை ஏற்றே இதை எழுதுகிறேன். அவள் கதையை நான் சொல்லப்போவதில்லை. அவள் வாய் திறப்பதற்கு முன்பே நான் என் கதையைச் சொன்னேன், இரண்டாவது கோடு மங்கலாக இருந்தது முதல் சின்னம்மாவின் சொளகு வரை. மறுமுனையில் நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "வலிக்குமா?" என்று கேட்டாள்.

வலிக்கும் என்றேன். மருத்துவர் தரும் முதல் மாத்திரையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து இரண்டாவது மருந்து போட்ட சில மணி நேரத்தில் மாதவிலக்கு வலியைவிடக் கூடுதலாக வரும், வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் போய்க் காட்ட வேண்டும், மருத்துவரைப் பார்க்காமல் கடையில் வாங்கிப் போடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு உங்க கூட யாரு இருந்தாங்க?"

யாரும் இல்லை, கட்டி என்று சொல்லியிருந்ததால் யாரையும் கூப்பிட முடியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்க வர்றீங்களா?" என்றாள். காலை ஐந்தரை மணிப் பேருந்தில் இடம் இருந்தது. வெந்நீர்ப் பையையும் இரண்டு நாப்கின் கட்டுகளையும் பையில் எடுத்து வைத்துவிட்டு, எங்கே கிளம்புகிறேன், எதற்காக என்பதை என் மகனிடம் அதன் பெயரைச் சொல்லியே சொல்லிவிட்டுப் படுத்தேன். அவன் எழுந்து அலைபேசியில் நாலே முக்கால் மணிக்கு அலாரம் வைத்தான்.